‘சார்ஜ்’ என்று எழுதிய தாளில் கையெழுத்திடுவதற்கு முன்

வீட்டுமனை ஒன்றை விற்பதற்காக, வாங்க வந்தவரின் வழக்கறிஞரிடம் என் பத்திரங்களைக் கொடுத்திருந்தேன். பத்து நாள் கழித்து அவர் தந்த சட்டக் கருத்துரையின் கடைசிப் பக்கத்தில், ‘தி எக்ஸிஸ்டிங் சார்ஜ் ஷுட் பி டிஸ்சார்ஜ்ட் பிஃபோர் சேல்’ என்று ஒரு வரி இருந்தது. சார்ஜ் என்றால் கட்டணம், அதை டிஸ்சார்ஜ் செய்வது என்றால் கட்டி முடிப்பது என்று நானாகவே பொருள் செய்துகொண்டு, நான்காயிரம் ரூபாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பல ஆண்டுகளுக்கு முன்பே மனைக்கடனை அடைத்து முடித்த வங்கிக் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மையார் கணினியைப் பார்த்துவிட்டு, ‘உங்க பேர்ல பாக்கி எதுவும் இல்லையே சார்’ என்றார். மறுநாள் போனேன், அதே பதில். மூன்றாம் முறை போனபோது மேலாளர் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, ‘இது பணம் இல்லீங்க. உங்க மனை மேல எங்க பிடி இன்னும் நீங்கலைன்னு எழுதியிருக்கார்’ என்றார். விற்பனை இரண்டு மாதம் தள்ளிப் போயிற்று.

சார்ஜ் என்பது நமக்குப் புதிய சொல் அன்று என்பதே இங்குள்ள சிக்கல். பஸ் சார்ஜ் எவ்வளவு என்கிறோம், போனில் சார்ஜ் இல்லை என்கிறோம், புதிய தாசில்தார் சார்ஜ் எடுத்தார் என்கிறோம், அலுவலகத்தில் சார்ஜ் மெமோ கொடுத்துவிட்டார்கள் என்கிறோம். தெரியாத சொல்லாக இருந்தால் அகராதியைப் புரட்டுவோம் அல்லது நாலு பேரைக் கேட்போம். தெரிந்த சொல் என்பதால் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இந்தச் சொல்லும் டிஸ்சார்ஜ், சர்சார்ஜ், சார்ஜபிள் முதலான அதன் உறவுச் சொற்களும் வரும் தாள்களை முதன்முறையாகக் கையில் வாங்குபவர்களுக்காக, நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. முதலில் ‘என்ன சுமை’ என்று கேளுங்கள்

சார்ஜ் என்ற இடத்தில் ‘சுமை’ என்று வைத்துப் படித்தால் பெரும்பாலான வரிகள் பிடிபட்டுவிடும். பணம் கட்ட வேண்டிய சுமை கட்டணம். ஒருவர் மேல் சுமத்தப்படும் பழி குற்றச்சாட்டு. ஒருவரிடம் ஒப்படைக்கப்படும் வேலை பொறுப்பு. சொத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் கடன் வில்லங்கம். மின்கலத்தில் ஏற்றுவது மின்சாரம். டிஸ்சார்ஜ் என்பது இவற்றில் ஏதோ ஒன்றை இறக்கி வைப்பது. ஆகவே எந்தத் தாளாக இருந்தாலும் மூன்று கேள்விகள் போதும்: எந்தச் சுமை, அது யார் மேல் இருக்கிறது, அதை இறக்கியதாகக் கையெழுத்திட வேண்டியவர் யார்?

அடுத்து, சார்ஜுக்கு இருபுறமும் உள்ள சின்னச் சொற்களைப் பாருங்கள். ‘சார்ஜ் ஃபார்’ என்று வந்தால் ஒரு வேலைக்கான கட்டணம். ‘சார்ஜ்ட் டு யுவர் அக்கவுண்ட்’ என்றால் உங்கள் கணக்கில் பற்று எழுதிவிட்டார்கள் என்று பொருள். அது வங்கிச் சேமிப்புக் கணக்கு என்றால் கட்டணம் ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டது, நீங்கள் மறுபடியும் கட்டத் தேவையில்லை. ‘சார்ஜ்ட் வித்’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். ‘சார்ஜ் ஆன்’ அல்லது ‘சார்ஜ் ஓவர்’ என்று ஒரு சொத்தின் பெயரோடு வந்தால் அது கடனுக்கான பிடிமானம்.

எல்லாவற்றிலும் வழுக்கலானது ‘இன் சார்ஜ் ஆஃப்’, ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்ற இரட்டை. பாட்டி பேரனுக்கு ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பாட்டிதான் பொறுப்பாளர். பேரன் பாட்டியின் ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்றாலும் பாட்டிதான் பொறுப்பாளர். நடுவில் ஒரு ‘தி’ வந்தவுடன் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார் என்பது தலைகீழாகிவிடும். பிள்ளைகளைப் பிறருடன் பயணம் அனுப்பும்போது எழுதித் தரும் ஒப்புதல் கடிதத்தில் இதை மாற்றி எழுதினால், எட்டு வயதுச் சிறுவன் அறுபது வயதுப் பெரியப்பாவுக்குப் பொறுப்பாளன் ஆகிவிடுவான்.

2. ரசீதுகளிலும் பில்களிலும் வருபவை

இங்கே சார்ஜ் பெரும்பாலும் பணமே என்பதால் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்; என்றாலும் நான்கு இடங்களில் நின்று பார்க்க வேண்டும்.

சர்சார்ஜ் என்பது சுமையின் மேல் வைக்கும் சுமை. வருமான வரியில் ஐம்பது லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 10 விழுக்காட்டில் தொடங்கும் சர்சார்ஜ், வருமானத்தின் மேல் கணக்கிடப்படுவதன்று. கட்ட வேண்டிய வரியின் மேல் கணக்கிடப்படுவது. மின் கட்டண அட்டையில் பி.பி.எஸ்.சி. என்றிருந்தால் அது தாமதத்துக்கான சர்சார்ஜ், சி.சி. சார்ஜ் என்பது நீங்கள் செலவழித்த மின்சாரத்துக்கான கட்டணம். கூட்டுறவுச் சங்கத்திலிருந்து சர்சார்ஜ் என்று நோட்டீஸ் வந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அது தண்டத்தீர்வை: சங்கத்துக்கு இழப்பு ஏற்படுத்தியதாகக் கருதப்படும் நிர்வாகியிடமிருந்தோ பணியாளரிடமிருந்தோ அந்த இழப்பை வசூலிக்க, தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவில் எடுக்கப்படும் நடவடிக்கை. கூடுதல் கட்டணம்தானே என்று அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள்.

உணவகத்தில் சர்வீஸ் சார்ஜ் என்பது அரசுக்குப் போகும் வரியன்று. அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லியும் எடுக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

சிறு வணிகர்கள் வாங்கும் ஜி.எஸ்.டி. பில்லில் ‘ரிவர்ஸ் சார்ஜ்: யெஸ் / நோ’ என்று ஒரு கட்டம் இருக்கும். யெஸ் என்று குறிக்கப்பட்டிருந்தால், வரியை விற்றவர் கட்டப்போவதில்லை, வாங்கிய நீங்களே அரசுக்கு நேரடியாகக் கட்ட வேண்டும் என்று பொருள். லாரி வாடகையிலும் வழக்கறிஞர் கட்டணத்திலும் இது அடிக்கடி வரும். பில்லில் வரித்தொகை இல்லையே என்று மகிழ்ந்து விட்டுவிட்டால், பின்னால் வட்டியோடு வந்து நிற்கும்.

வெளிநாட்டுக்குக் கூரியர் அனுப்புபவர்கள் ‘சார்ஜபிள் வெயிட்’ என்ற சொல்லைப் பார்ப்பார்கள். கட்டணத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் எடை என்பது அதன் பொருள். தராசு காட்டிய எடையாகத்தான் அது இருக்க வேண்டும் என்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, கூரியர் நிறுவனங்கள் வழக்கமாக 5000 ஆல் வகுப்பார்கள். வரும் எண், உண்மை எடை இரண்டில் எது பெரிதோ அதற்குக் கட்டணம். என் தங்கை மகனுக்கு முறுக்கும் அதிரசமும் 60க்கு 40க்கு 40 அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்துப் போனாள். தராசு எட்டு கிலோ காட்டியது, பில் 19.5 கிலோவுக்குப் போட்டார்கள். பெருக்கிப் பாருங்கள்: 96,000 வகுத்தல் 5000, ஆக 19.2; அதை அடுத்த அரை கிலோவுக்கு உயர்த்தி 19.5 ஆக்கிவிட்டார்கள். முறுக்கை நொறுக்காமல் அனுப்ப நினைத்ததற்குக் கொடுத்த விலை அது. பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் வீட்டிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

3. மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது

டிஸ்சார்ஜ் என்ற சொல் மருத்துவமனைத் தாளில் இரண்டு பொருளில் வரும். ஒன்று, நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது. மற்றொன்று, உடலிலிருந்து வடியும் சீழ், நீர் போன்றவை. என் அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாள், கேஸ் தாளில் ‘வூண்ட் ஹெல்த்தி, நோ டிஸ்சார்ஜ்’ என்று எழுதியிருந்ததைத் தம்பி படித்துவிட்டு, இன்றைக்கு அனுப்பமாட்டார்களாம் என்று ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டான். புண் ஆறிவிட்டது, வடிதல் இல்லை என்பதே அதன் பொருள். அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஊர் வண்டி போய்விட்டதால் வாடகைக் காருக்கு இரண்டாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்தோம்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டிய தாள்களை வரிசையாகச் சரிபாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி அசல், இனவாரியாகப் பிரித்த இறுதி பில், பணம் கட்டிய ரசீதுகள், மருத்துவர் சீட்டுடன் மருந்துக் கடை பில்கள், பரிசோதனை முடிவுகளும் ஃபிலிம்களும், உடலுக்குள் ஏதேனும் பொருத்தியிருந்தால் அதன் ஸ்டிக்கர். சம்மரியில் உள்ள சேர்ந்த தேதியும் டிஸ்சார்ஜ் தேதியும் பில்லில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் ஆகும் மருந்துச் செலவைக் காப்பீடு ஏற்கும் காலம், பெரும்பாலும் 60 அல்லது 90 நாள், டிஸ்சார்ஜ் தேதியிலிருந்தே எண்ணப்படுகிறது. பிழையைத் திருத்த மறுநாள் போனால் அந்த மருத்துவர் பணியில் இருக்கமாட்டார்.

காப்பீட்டில் பணமில்லாச் சிகிச்சை எடுத்தவர்களுக்குக் காத்திருப்புதான் பெரிய தொல்லை. மருத்துவமனை அனுப்பும் டிஸ்சார்ஜ் கோரிக்கை கிடைத்த மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும் என்றும், அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் தொகை கேட்டால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்றும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த மூன்று மணி நேரம், காலைச் சுற்றில் மருத்துவர் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று சொன்ன நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு தாள்களை அனுப்பிய பிறகே ஓடத் தொடங்குகிறது. ஆகவே ‘எப்போது அப்ரூவல் வரும்’ என்று கேட்பதைவிட, ‘எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள்’ என்று கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: ‘டிஸ்சார்ஜ் அகெய்ன்ஸ்ட் மெடிக்கல் அட்வைஸ்’ என்று அச்சிட்ட தாளை நீட்டினால், மருத்துவர் வேண்டாமென்று சொல்லியும் நாங்களே அழைத்துப் போகிறோம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதற்காகக் கிளம்பினால், மாற்றும் காரணத்தைச் சம்மரியில் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். பின்னால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

4. காப்பீட்டுப் பணம் வாங்கும்போது: டிஸ்சார்ஜ் வவுச்சர்

இதில் இறங்கும் சுமை உங்களுடையதன்று, காப்பீட்டு நிறுவனத்தினுடையது. இன்ன தொகையைப் பெற்றுக்கொண்டேன், இந்தக் கோரிக்கையில் உங்கள் கடமை தீர்ந்தது என்று நீங்கள் எழுதிக்கொடுக்கும் தாள் அது. ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை என்றால் ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்திட வேண்டும். தொகைக் கட்டம் காலியாக இருக்கும் வவுச்சரில் எந்தக் காரணத்தாலும் கையெழுத்திடாதீர்கள்.

‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ என்ற சொற்கள் இருந்து, தொகையோ நீங்கள் கேட்டதைவிடக் குறைவாக இருந்தால், எதற்காக எவ்வளவு குறைத்தார்கள் என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். வவுச்சரில் கையெழுத்திட்டதையே காட்டி, குறையுள்ள பாலிசிதாரரின் வாயை நிறுவனங்கள் அடைக்கக் கூடாது என்று ஆணையம் 2015இலேயே அறிவுறுத்தியுள்ளது. என்றாலும், கையெழுத்திட்டுவிட்டு வாதாடுவதைவிட, கையெழுத்துக்கு மேலே ‘மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி எழுதுவது எளிது.

5. அலுவலகத் தாள்களில்

அரசு அலுவலகத்தில் பதவியின் பெயருக்குப் பின்னால் ‘(பொ)’ என்று தமிழிலோ ‘ஐ/சி’ என்று ஆங்கிலத்திலோ இருந்தால் அவர் அந்தப் பதவியைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறார் என்று பொருள். மாறுதலில் போகிறவரும் வருகிறவரும் கையெழுத்திடும் சி.டி.சி. என்பது பொறுப்பு மாற்றுச் சான்று. அதில் முற்பகல், பிற்பகல் என்பதைக் குறிக்கத் தவறாதீர்கள். அரை நாள் குழப்பம் சம்பளப் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பீரோ சாவி முதல் நிலுவைக் கோப்பு வரை பட்டியலிட்டு வாங்காமல் ‘சார்ஜ் டேக்கன் ஓவர்’ என்று கையெழுத்திட்டால், முன்னவர் காலத்தில் காணாமல் போனதற்கும் உங்களைக் கேட்பார்கள்.

சார்ஜ் மெமோ வேறு. தமிழ்நாடு அரசுப் பணியாளர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(அ) சிறு தண்டனைக்கும் 17(ஆ) பெருந்தண்டனைக்கும் வழிகோலுபவை. ‘செவன்டீன் பி’ என்று எல்லோரும் சொல்வது இரண்டாவதை. மெமோவை வாங்க மறுப்பவர்கள் பலர், வாங்கினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டு வாங்குங்கள். விளக்கம் கொடுப்பதற்கான கெடு அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும், தேதி உங்கள் கையெழுத்தில் இருப்பது உங்களுக்கே நல்லது.

அனுபவச் சான்றிதழ் வாங்கும்போது டிஸ்சார்ஜ் வரும் வரியை இருமுறை படியுங்கள். ‘ஹி டிஸ்சார்ஜ்ட் ஹிஸ் டியூட்டீஸ்’ என்றால் கடமையைச் செவ்வனே செய்தார் என்ற பாராட்டு. ‘ஹி வாஸ் டிஸ்சார்ஜ்ட் ஃப்ரம் சர்வீஸ்’ என்றால் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார். தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை டிஸ்சார்ஜ் செய்தார்கள் என்றால் பருவம் முடிந்தது என்பதன்று, வேலையே முடிந்தது. கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் டிஸ்சார்ஜ் அச்சம் தரும் சொல்லன்று. கப்பல் பணியாளரின் அடையாளமும் பணிப் பதிவுமான சி.டி.சி. (கன்டினியூஸ் டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட்) என்ற புத்தகத்தின் பெயரிலேயே அது இருக்கிறது, ஒவ்வொரு முறை கப்பலிலிருந்து இறங்கும்போதும் அதில் ஒரு டிஸ்சார்ஜ் பதிவாகும். மேலே சொன்ன அலுவலக சி.டி.சி.யும் இதுவும் தமிழில் எழுதும்போதுதான் ஒன்று; ஆங்கிலத்தில் அது CTC, இது CDC.

6. காவல் நிலையமும் நீதிமன்றமும்

இந்தப் பகுதி, வெளிநாட்டு விசா படிவத்திலும் வேலைக்கான படிவத்திலும் ‘ஹாவ் யூ எவர் பீன் சார்ஜ்ட்’ என்ற கேள்வியைப் பார்த்துத் திகைப்பவர்களுக்காக.

முதல் தகவல் அறிக்கை பதிவாவது முதற்படி. காவல்துறை விசாரணையை முடித்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை. அதைப் படித்து, வழக்கை நடத்த முகாந்திரம் உண்டு என்று நீதிபதி கருதினால் அவர் பதிவு செய்வதே சார்ஜ், குற்றச்சாட்டு. காவல்துறை தாக்கல் செய்வதும் நீதிமன்றம் பதிவு செய்வதும் வெவ்வேறு நாள்களில் நடக்கும் வெவ்வேறு செயல்கள்; இடையே ஆண்டுகள்கூடக் கழியலாம். முகாந்திரம் இல்லை என்று அந்தக் கட்டத்திலேயே அனுப்பிவிட்டால் டிஸ்சார்ஜ், அதாவது வழக்கிலிருந்து விடுவிப்பு. சாட்சி விசாரணை முழுவதும் நடந்து குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றால் அக்விட்டல், அதாவது விடுதலை. செய்தித்தாள்கள் இரண்டையும் ‘விடுதலை’ என்றே எழுதிவிடுவது உண்டு; படிவத்தில் நீங்கள் அப்படி எழுத முடியாது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி சில கெடுக்களை நினைவில் வையுங்கள். கைது செய்யப்பட்டவர் காவலில் இருக்கையில், பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை, ஆயுள், மரணம் ஆகிய தண்டனைகளுக்குரிய வழக்கில் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், ஜாமீன் கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடும். குற்றப்பத்திரிகையின் நகலும் அதனோடு சேர்ந்த ஆவணங்களும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். நகலுக்குப் பணம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். விடுவிப்பு மனுவுக்கும் 60 நாள் கெடு உண்டு. மாஜிஸ்திரேட் நீதிமன்ற வழக்குகளில், நகல்கள் கிடைத்த நாளிலிருந்து அது எண்ணப்படும்.

படிவத்துக்குத் தேவையான தாள்கள்: முதல் தகவல் அறிக்கையின் நகல், குற்றப்பத்திரிகை, முடிவான உத்தரவின் சான்றிட்ட நகல். சான்றிட்ட நகலுக்கு நீதிமன்ற நகல் பிரிவில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். விசா நேர்காணலுக்கு முந்தைய வாரம் ஓடினால் கிடைக்காது. எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதை வழக்கறிஞரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு படிவத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். ஒரு நாட்டின் படிவத்தில் ‘சார்ஜ்ட்’ என்பது எதைக் குறிக்கிறது என்பது அந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

7. வங்கிக் கடன் முடிந்த பின்

என்னை அலைய வைத்த இடம் இது. வங்கித் தாளில் ‘சார்ஜஸ்’ என்று பன்மையில் வந்தால் பெரும்பாலும் கட்டணங்கள். ‘சார்ஜ்’ என்று ஒருமையில் வந்தால் பெரும்பாலும் சொத்தின் மேலுள்ள பிடி. ‘சார்ஜ் சாட்டிஸ்ஃபைட்’ என்று இருந்தால் யாரும் மனம் திருப்தியடைந்ததாகப் பொருளில்லை, அந்தப் பிடி நீங்கியதாகப் பதிவாயிற்று என்று பொருள்.

கட்டணங்களை முதலில் முடித்துவிடுவோம். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அதற்கு அபராதக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2012 முதல் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி இட்ட விதி. நிலையான வட்டிக் கடனுக்கு ஒப்பந்தத்தைப் பாருங்கள். தவணை தவறினால் போடும் ‘பீனல் சார்ஜஸ்’ 2024 ஏப்ரல் முதல் எடுக்கப்பட்ட கடன்களில் தனிக் கட்டணமாகத்தான் இருக்க வேண்டும். அதை அசலோடு கூட்டி அதற்கும் வட்டி போடக் கூடாது. கணக்கு அறிக்கை வாங்கி இந்த இரண்டையும் பார்த்துவிட்டே கடைசித் தொகையைக் கட்டுங்கள்.

இனி, பிடியை எடுக்கும் வேலை. தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் வாங்கும்போது பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கு எம்.ஓ.டி. என்ற ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறோம். கடன் தொகையில் அரை விழுக்காடு முத்திரைத் தீர்வையும் ஒரு விழுக்காடு பதிவுக் கட்டணமும், இரண்டுக்கும் உச்சவரம்போடு, அன்றைக்கே கட்டியிருப்பீர்கள். அந்தப் பதிவு, கடன் அடைந்ததும் தானாக மறைவதில்லை. வங்கி தரும் நிலுவையில்லாச் சான்று உங்கள் கணக்கில் பாக்கி இல்லை என்று மட்டுமே சொல்லும். வில்லங்கச் சான்றில் உள்ள வரியை அது தொடாது. நான் பல ஆண்டுகள் அந்தச் சான்றைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

செய்ய வேண்டிய வரிசை இது. கடைசித் தவணை கட்டிய அன்றே, நிலுவையில்லாச் சான்றும், ஒப்படைத்த அசல் பத்திரங்களும், எம்.ஓ.டி.யை நீக்கும் ரசீது ஆவணமும் வேண்டும் என்று மூன்றையும் குறிப்பிட்டு ஒரே கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கடன் வாங்கியபோது வங்கி கொடுத்த பத்திரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்திரமாக எண்ணி வாங்குங்கள். தாய்ப் பத்திரத்தின் கடைசிப் பக்கம், வரைபடம், பட்டா ஆகியவைதாம் வழக்கமாகத் தவறுபவை. பிறகு, வங்கி அதிகாரி வரக்கூடிய நாளை முதலில் கேட்டு, அதற்கேற்பப் பதிவுத்துறை இணையதளத்தில் டோக்கன் எடுங்கள். நான் டோக்கனை முதலில் எடுத்தேன். அன்றைக்கு அதிகாரி தணிக்கையில் மாட்டிக்கொண்டார், மறு டோக்கனுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ரசீது ஆவணத்தின் பதிவுச் செலவு எம்.ஓ.டி. போட்டதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கட்டண விவரம் அவ்வப்போது மாறுவதால் பதிவுத்துறை அட்டவணையில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொண்டு, ஆவணம் எழுதுபவரிடம் அவருடைய கூலி எவ்வளவு, அரசுக் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

காலக்கெடு இப்போது கடன் வாங்கியவருக்குச் சாதகமாக இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் இட்ட ஆணையின்படி, அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல், கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, எந்தப் பதிவேட்டில் சார்ஜ் பதிவாகியிருந்தாலும் அதை நீக்க வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. பத்திரம் தொலைந்தோ சேதமாகியோ போயிருந்தால் நகல் எடுக்க உதவுவதும் அதன் செலவை ஏற்பதும் வங்கியின் கடமை. அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம். என் கடன் இந்த ஆணைக்கு முன்பே முடிந்துவிட்டதால் எனக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால், மேலே சொன்ன முத்திரையிட்ட நகல்தான் சாட்சி.

வங்கி நீக்க வேண்டிய பதிவேடு இன்னொன்றும் உண்டு. செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்திலும் உங்கள் சொத்தின் பெயரில் சார்ஜ் ஏறியிருக்கும். அதை நீக்குவது வங்கியின் வேலை, நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் நீக்கியதற்கான அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சொத்து ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தால் கம்பெனிப் பதிவாளரிடமும் சி.எச்.ஜி.-4 படிவம் போக வேண்டும். அதைக் கணக்காயரிடம் விட்டுவிடுங்கள்.

ரசீது ஆவணம் பதிவான ஓரிரு வாரத்தில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை எடுத்துப் பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. எம்.ஓ.டி. பதிவின் வரி அப்படியே இருக்கும், அது அழியாது. அதற்குக் கீழே ரசீது என்ற புதிய வரி, பழைய எம்.ஓ.டி.யின் ஆவண எண்ணையும் ஆண்டையும் குறிப்பிட்டு வந்திருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்த ரசீது வரியில் ஆவண எண்ணின் கடைசி இரு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. வாங்குபவரின் வழக்கறிஞர் அதையும் கண்டுபிடித்துவிட்டார், திருத்த ஆவணத்துக்காக அதே வங்கி அதிகாரியை மறுபடியும் ஒருநாள் அழைத்துப் போக வேண்டியதாயிற்று. ஆகவே அலுவலகத்தில் கையெழுத்திடும் முன், வரைவில் உள்ள எண்ணையும் பழைய எம்.ஓ.டி.யின் முதல் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபாருங்கள்.